ராகேல் உள்ளே போன புஸ்தகம்

ஒரு வீட்டில் பொம்பளையைக் காணவில்லை என்றால் முன்பெல்லாம் ஆட்கள் கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள், பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுவார்கள், ஒன்றும் இல்லாவிட்டால் கூடவிருந்து அழவாவது செய்வார்கள். இப்போது உள்ள ஆட்களுக்கு அந்த விவரமெல்லாம் கிடையாது. ரப்பர் பால்வெட்டு ரசலையனின் பெண்டாட்டி ராகேல் ஒரு புதன்கிழமை காலையில், அடுப்பில் தேயிலை கொதித்துக்கொண்டிருக்கும்போதே, படித்துக்கொண்டிருந்த புஸ்தகத்துக்குள் போய்விட்டாள் என்ற செய்தி பரவினதும், ஊரில் முதல் ஆள் கேட்டது அது என்ன புஸ்தகம் என்று. அடுத்த ஆள் கேட்டது, நல்லா இருக்குமா என்று. அதற்கடுத்த ஆள் தனக்கு எப்போது கிடைக்கும் என்று கேட்டான். வயசான ஒருத்தி, முட்டுவலிக்கு நெய்யூர் ஆஸ்பத்திரியில் வாங்கின மாத்திரையைக்கூட எடுக்காமல் போயிருக்கிறாளே என்று சங்கடப்பட ஒரு நாதி இல்லை. ரசலையன் இதை மறக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை.

எல்லாவற்றுக்கும் மூலம் அஜிதா. நெய்யூரிலிருந்து மேற்கே போகிற ரோட்டில், முன்பு ஜெராக்ஸ் கடையாக இருந்த ஒற்றை முறியில் அவள் புஸ்தகம் வாடகைக்குக் கொடுத்து வருகிறாள். மாப்பிள்ளை எட்சன் கல்ஃபில். அவளிடம் இருப்பது இரண்டே ஜாதி: மலை பேசுகிற, குதிரை பறக்கிற மாயக் கதைகள் ஒன்று, பழைய காலத்துக் கதைகளை இந்தக் காலத்து ஆட்கள் திருப்பி எழுதினவை இன்னொன்று. கேட்ட புஸ்தகத்தைக் கொடுக்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. வந்த ஆளை ஸ்டூலில் இருத்தி, நேற்று என்ன சொல்ல வந்து சொல்லாமல் விழுங்கினீர்கள் என்று கேட்பாள். கேட்டதற்குப் பதில் சொன்னபிறகு அலமாரியில் கைவிட்டு ஒன்றை எடுத்து, எட்சன் அனுப்பின காலண்டர் தாளில் அட்டை போட்டு, இதைப் படியுங்கோ என்று நீட்டுவாள். சொன்னால் சொன்னதுதான். தாலுகா ஆபீசில் இருந்து ஓய்வு பெற்ற சுடலையாண்டிக்கு ஒரு கடல் கதையைக் கொடுத்தாள். அவர் அதைப் படித்து முடிக்கும்வரை அவர் வீட்டு ஓட்டின்மேல் மட்டும் மழை பெய்தது, அடுத்த வீட்டு முற்றத்தில் வற்றல் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. அபிதா டீச்சருக்கு, பழைய கதையில் வருகிற அரக்கி தன் பக்கத்து நியாயத்தைச் சொல்லுகிற புஸ்தகம் கிடைத்தது. மறுநாள் தலைமுடி தரையைத் தொட்டது, அவர் அதை ஏழெட்டுச் சுற்றாகச் சுற்றிக் கொண்டை போட்டு வழக்கம்போல பஸ் ஏறிப் பள்ளிக்கூடம் போனார். போதகர்கூட இதைப்பற்றிப் பிரசங்கத்தில் சொன்னது, எடுத்த புஸ்தகத்தைக் காலாகாலத்தில் திருப்பிக் கொடுங்கள் என்பது மட்டும்தான்.

ரசலையன் இதில் எதையும் நம்பினதில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவர். பேச்சிப்பாறைப் பக்கத்து எஸ்டேட்டில் ஆயுசு முழுக்க ரப்பர் மரத்துக்குக் காயம் போட்டவர். வேலையை விட்டு வீட்டோடு வரும்வரை, வாரம் முழுக்க அங்கே கிடந்து சனிக்கிழமை சாயங்காலம்தான் வீடு வருவார். வந்ததும் முற்றத்தில் நின்று கோழியை எண்ணுவார். எண்ணம் சரியாக இருந்தால்தான் உள்ளே கால் வைப்பார். ஆளை நம்பமாட்டார், தராசை நம்பமாட்டார், சில்லறையைத் திருப்பிப் பார்ப்பார். உலகத்தில் அவர் சந்தேகப்படாத ஆள் ஒன்றே ஒன்று, அஜிதாவின் கடைக்கு எதிரில் தேயிலைக்கடை வைத்திருந்த நாராயணபெருமாள். நெற்றியில் வெள்ளை நாமம் இட்ட அய்யாவழிக்காரர், எதையும் சிரித்துக்கொண்டே சொல்லுகிறவர். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் இருந்து அஜிதாவின் கடைக்குப் போகிறவர்களை வருஷக்கணக்காகப் பரிகசித்தார்கள். இல்லாததை எழுதினவனுக்குத் துட்டு, படிக்கிறவனுக்கு ஜலதோஷம் என்று நாராயணபெருமாள் சொன்னால் ரசலையனுக்கு அன்றைய சோறு இறங்கும். செத்தாலும் அந்தப் படி ஏறுவதில்லை என்று இருவரும் பேசிவைத்திருந்தார்கள்.

ராகேல் ஏறினாள். ஸ்டூலில் இருத்தி அஜிதா வழக்கமான கேள்வியைக் கேட்டபோது அவள் குடிக்க வெள்ளம் கேட்டாளாம். அஜிதா வெகுநேரம் அவளைப் பார்த்துவிட்டு உப்புக்காரன் பெண்டாட்டி கதையை எடுத்துக் கொடுத்தாள். இந்தப் பக்கத்தில் அந்தக் கதை தெரியாத ஆள் இல்லை. உப்பு விற்கக் கடல் கடந்து போன ஒருத்தனுக்காக அவன் பெண்டாட்டி பொழிமுகத்துக் கடவில், ஆறும் கடலும் சேருகிற அந்தப் படிக்கட்டில், விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். மழையிலும் நிற்கிறாள், வெயிலிலும் நிற்கிறாள். கடைசியில் அவன் வருகிறான். அவ்வளவுதான் கதை. ஆனால் அஜிதா கொடுத்தது திருப்பி எழுதினது.

புதன்கிழமை ரசலையன் சந்தைக்குப் போய்விட்டு வரும்போது தேயிலை வற்றிச் சட்டி கருகிக்கிடந்தது. அடுக்களையில் புஸ்தகம் கவிழ்ந்துகிடந்தது. ராகேல் இல்லை. அவர் முற்றத்துக்கு வந்து கோழியை எண்ணினார். எண்ணம் சரியாக இருந்தது. அப்படியானால் தூரம் போகவில்லை, பேச்சிப்பாறையில் இருக்கிற அவள் தங்கச்சி லீமா வீட்டுக்குத்தான் போயிருப்பாள் என்று முடிவு செய்து, கருகின சட்டியைத் தூக்கித் தோட்டத்தில் எறிந்தார். வந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் அறுப்பின் பண்டிகை. வீட்டுக்கு வீடு கோழியும் குலையும் கிழங்கும் கொண்டுபோய்ப் பீடத்தின் முன்னால் படைப்பார்கள், ஆராதனை முடிந்ததும் அதை முற்றத்தில் வைத்து ஏலம் விடுவார்கள். படைக்கிறதை எடுத்துவைப்பது எப்போதும் ராகேல். வெறுங்கையோடு கோயிலுக்குப் போகக்கூடாது, கோழியைக் கொடுக்கவும் மனசு வரவில்லை. ரசலையன் கண்ணில் பட்டது அந்தப் புஸ்தகம். தேயிலையைக் கருக்கிக் குடி கெடுத்த சாதனம் தொலையட்டும் என்று அதைக் கொண்டுபோய்ப் பூசணிக்காய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தார். ராகேல் அதற்குள் போன செய்தி அப்போது பரவியிருக்கவில்லை. ஏலத்தில் புஸ்தகத்தைக் கேட்க ஆள் இல்லாததால், ஒரு கட்டு மரச்சீனிக் கிழங்கோடு சேர்த்துக் கூவினார்கள். கிழங்குக்காக அதை எடுத்தது, வருஷம்தோறும் கோழி பிடிக்க வருகிற நாராயணபெருமாள். பெண்டாட்டி உள்ளே இருக்கும்போதே ரசலையன் அவளை ஏலத்துக்கு விட்டார் என்று பிறகு ஊர் பேசினது. தெரிந்து செய்ததில்லை என்று அவரும் சொல்லவில்லை. உள்ளே யாரும் இருக்கவில்லை என்பதுதான் அவருடைய கட்சி.

அந்த ஏலத்துக்கு லீமாவும் வந்திருந்தாள். அக்காள் எங்கே என்று அவள் கேட்டபோது, ஒளித்துவைத்துக்கொண்டு நாடகம் ஆடுகிறாள் என்று ரசலையன் நினைத்தார். சென்னையில் இருக்கிற மகள் பெபிஷா போனில் அழுதாள். அதே புஸ்தகத்தைப் புதுசாக வாங்கி வரிக்கு வரி தேடியும் அம்மை அதில் இல்லையாம், இந்த ஒரு பிரதியில்தான் இருக்கவேண்டுமாம். மகளும் அவர்களோடு சேர்ந்துவிட்டாள் என்று அவர் போனை வைத்தார். அஜிதா மட்டும் புஸ்தகத்தைத் திருப்பிக் கேட்கவே இல்லை. அது ராகேல் மாமி பெயரில் போனது, மாமி கொண்டுவரும்போது வரட்டும் என்று சொல்லிவிட்டாள்.

ஒரு மழைக்காலம் கழிந்தது. ரசலையன் தானே கஞ்சி வைத்தார், தானே கோழியை அடைத்தார், காலையில் பெஞ்சுக்கு வந்தார். ஒருநாள் நாராயணபெருமாள் தேயிலை ஆற்றிக்கொண்டே, வாய் தவறியவராக, “உமக்க பெண்ணு கொஞ்சம் மெலிஞ்சுபோனா, கேட்டீரா. ஆனா முட்டுவலி இல்ல இப்போ” என்றார்.

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் தேயிலைக் கிளாசுக்குள் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் ரசலையனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது, விளங்காததை அவர்களே ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். கிழங்கு தின்று தீர்ந்தபிறகு நாராயணபெருமாள் சும்மா ஒரு பக்கத்தைப் புரட்டியிருக்கிறார். உள்ளே ராகேல் அவருக்கு மோர் கொடுத்திருக்கிறாள். அதன்பிறகு அவர் தினமும் கல்லாவுக்கு அடியில் வைத்துப் படித்திருக்கிறார். அவரிடமிருந்து சபையின் பெண்கள் ஐக்கியம் முறைவைத்து வாங்கிப் படித்திருக்கிறது. குளச்சலில் இருந்து மீன் கொண்டுவருகிற மரியஜான்கூட உள்ளே போய், அங்கே சாளை மலிவு, ஐஸ் கலப்பு இல்லை என்று வந்து சொல்லியிருக்கிறாள். ராகேல் எல்லாரையும் விசாரித்திருக்கிறாள். யாருக்குக் கல்யாணம், யார் வீட்டுப் பசு ஈன்றது, பெபிஷாவுக்கு இருமல் விட்டதா. ரசலையன் எப்படி இருக்கிறார் என்று மட்டும் அவள் ஒருத்தரிடமும் கேட்கவில்லை. அதை அவரிடம் சொல்லக்கூடாது என்று ஊர் முழுக்கப் பேசிவைத்து, அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்து, வெற்றிலை மடித்துக் கொடுத்து, ஒரு மழைக்காலம் முழுக்கக் கூட இருந்திருக்கிறது. தன்னோடு சேர்ந்து சிரித்த வாய், தனக்குத் தெரியாமல் தன் பெண்டாட்டி கையால் மோர் குடித்திருக்கிறது.

“எத்தன நாளாவே?” என்று மட்டும் கேட்டார்.

“ஏலம் எடுத்ததுல இருந்துதான். உம்மகிட்ட எப்படிப் பறையதுன்னு தெரியல்ல ஓய். நீர்தானே வச்சது?”

ரசலையன் புஸ்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். முகம் மழித்தார். ஈஸ்டருக்குப் போடுகிற சட்டையைப் போட்டார். ராகேலின் மாத்திரையைப் பாக்கெட்டில் வைத்தார். பிறகு ரோட்டைக் கடந்து, செத்தாலும் ஏறுவதில்லை என்று சொன்ன படியில் பட்டப்பகலில் ஏறி, அந்த ஸ்டூலில் இருந்தார். எழுத்துத் தெரியாத இடத்தில் சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் வேண்டுமே. அஜிதா கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. முதலில் இருந்து படியுங்கோ மாமா, இது பழைய கதை இல்ல, மாறியிருக்கு என்று மட்டும் சொன்னாள்.

“ஏட்டி, எனக்க அம்மை நான் பால் குடிக்கும்போது சொன்ன கதை. எனக்கா நீ படிப்பிக்கிய? அவ கடவுலதான் நிப்பா” என்று சொல்லிவிட்டு, ரசலையன் கடவு வருகிற பக்கத்தைத் தேடிப் பிடித்து, விரலை வைத்து எழுத்துக்கூட்டத் தொடங்கினார்.

கடவு இருந்தது. படிக்கட்டு பாசி பிடித்து இருந்தது. ஆற்றுவெள்ளம் ஒரு நிறமும் கடல்வெள்ளம் ஒரு நிறமுமாக இழைந்து கிடந்தது. விளக்கு வைக்கிற கல்லும் இருந்தது, அதன்மேல் ஒரு காக்கை இருந்தது. பெண்டாட்டி இல்லை. கீழ்ப்படி வெள்ளத்தில் முட்டளவுக்கு இறங்கி அவர் காத்து நின்றார். யாருக்காகவாவது இப்படிக் காத்து நின்று அவருக்குப் பழக்கமில்லாததால் கால் உளைந்தது. வெகுநேரம் கழித்து அக்கரையில் இருந்து ஒரு வள்ளம் வந்தது. துடுப்புப் போட்டவள் முந்தானையை இடுப்பில் சொருகியிருந்தாள். அவரைக் கண்டதும் துடுப்பை நிறுத்தவில்லை, வேகமும் கூட்டவில்லை. வள்ளத்தைப் படியோடு அணைத்து, எல்லாரிடமும் கேட்கிற மாதிரி, “எங்க போணும்?” என்றாள்.

“வீட்டுக்கு.”

“இந்த வள்ளம் அங்க போகாது.” பிறகு சற்றே யோசித்து, “தேயில கருகியிருக்குமே” என்றாள்.

“கருகிச்சு. சட்டிய எறிஞ்சாச்சு.”

“அது எனக்க அம்மை தந்த சட்டி.”

ரசலையன் மாத்திரையை எடுத்து நீட்டினார். அவள் முட்டைத் தட்டிக் காட்டி வேண்டாம் என்றாள். அப்போதுதான் அவர் கேட்க வந்ததைக் கேட்டார்: மீன்காரியை விசாரித்தாயே, பசுவை விசாரித்தாயே, என்னைப்பற்றி ஒரு வாக்கு கேட்கத் தோன்றவில்லையா என்று. ராகேல் சிரித்தாளா என்று அவருக்குத் தெளிவாகத் தெரியவில்லை. வெயில் அவள் முகத்துக்குப் பின்னால் இருந்தது.

“இஞ்ச பாருங்க. சனிக்கிழமை சனிக்கிழமை நான் நடையில நிப்பேன். நீங்க வந்து கோழிய எண்ணுவீங்க. கோழி சரியா இருக்கில்லா? பின்ன என்ன.”

சொல்லிவிட்டுத் துடுப்பைப் படியில் ஊன்றித் தள்ளினாள். அக்கரையில் வேறே ஆட்கள் கைகாட்டிக்கொண்டு நின்றார்கள்.

அவர் தலை நிமிர்ந்தபோது அஜிதாவின் கடைத்தரை முழுக்க உப்புவெள்ளம். வேட்டி முட்டுவரை நனைந்து ஒட்டிக்கிடந்தது. அஜிதா துடைக்கிற துணியை எடுத்துவந்து, புஸ்தகங்களை மேல்தட்டுக்கு மாற்றி, பிறகு மெதுவாகச் சொன்னாள்: உங்களுக்கென்று ஒன்று எடுத்துவைத்திருக்கிறேன் மாமா, வீடு திரும்பி வந்து கதவைத் தட்டுகிற ஒருத்தனுடைய கதை, பழசுதான், நல்லா திருப்பி எழுதியிருக்கிறார்கள். காலண்டர் அட்டை போட்டுத் தயாராக இருந்தது. எவ்வளவு நாளாகத் தயாராக இருந்தது என்று அவள் சொல்லவில்லை. ரசலையன் அதைக் கையால் தொடவில்லை.

“கதைய மாத்துனவன் எவன்னாலும் அவன் நல்லா இருக்கமாட்டான்” என்று சொல்லி, உப்புக்காரன் பெண்டாட்டியை ஸ்டூலின்மேல் வைத்துவிட்டு இறங்கினார்.

எதிரில் நாராயணபெருமாள் கடை வாசலில் நின்றிருந்தார். தேயிலை ஒன்றை ஆற்றிக் கையில் பிடித்திருந்தார். பார்த்தீரா என்று கேட்டார்.

“ஒருத்தியப் பாத்தேன். ராகேலுக்க சாயல் உண்டு” என்றார் ரசலையன். “ஆனா ராகேலுக்குத் துடுப்புப் போடத் தெரியாது.”

தேயிலையை வாங்கவில்லை. அவள் லீமா வீட்டில்தான் இருக்கிறாள், எல்லாருமாகச் சேர்ந்து ஏமாற்றுகிறார்கள், இன்றைக்கு நேரில் போய்ப் பிடித்துவிடுவேன் என்று யாரிடமும் இல்லாமல் சொல்லிக்கொண்டு பேச்சிப்பாறை பஸ் நிற்கிற இடத்தைப் பார்த்து நடந்தார். நனைந்த வேட்டி காலில் அடித்தது. அவர் போன வழியெல்லாம் தார் ரோட்டில் காலடி காலடியாக உப்புப் பூத்து வெளுத்தது. பின்னாலேயே இரண்டு ஆடுகள் வந்து ஒவ்வொன்றாக நக்கிக்கொண்டு போயின. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.