தலையணை எந்த ஊரில்

பிராஸ்காவில் உருளைக்கிழங்கு கைதவறி விழுந்தால் அதை அங்கேயே மறந்துவிட வேண்டியதுதான். மலைச்சரிவு அப்படி. மேல்வீட்டில் உருண்டது கீழ்வீட்டுக்குச் சொந்தம் என்பது ஊர் வழக்கம். கீழ்வீட்டில் உருண்டதைத் தேடிப் பள்ளத்தாக்கிலிருக்கும் தெல்வா வரைக்கும் யார் போவது? பதினோரு வீடு, ஒரு தேவாலயம், எழுபத்தொரு மாடு, இருபத்தொன்பது மனிதர்கள். அவ்வளவுதான் ஊர். நவம்பரில் தெற்கு மலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் சூரியன் பிப்ரவரியில்தான் தலைகாட்டும். அந்த மூன்று மாதமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, அலுத்துப்போனால் சண்டை போட்டுக்கொண்டு காலத்தை ஓட்டுவார்கள்.

அந்த இருபத்தொன்பதில் மெங்கியா சேர்த்தி இல்லை. முப்பத்தொரு வருஷமாக அவளுக்கு அது நெஞ்சில் தைத்த முள்.

அவள் வாழ்க்கைப்பட்டு வந்த வீடு எல்லையின் மேலேயே நின்றது. அடுப்படியும் கட்டிலின் கால்மாடும் பிராஸ்காவில், தலைமாடு தெல்வாவில். தூங்கும்போது தலை எந்த ஊரில் இருக்கிறதோ, ஆள் அந்த ஊர் என்பது அந்தப் பக்கத்துப் பழைய சட்டம். ஆக, மெங்கியா சமைத்ததும் பிராஸ்காவில், பாடகர் குழுவில் பாடியதும் பிராஸ்காவில், ஆனால் பதிவேட்டில் தெல்வாக்காரி. ஊர்க்கூட்டத்துக்கு வருஷா வருஷம் பார்லி சூப் வைப்பவள் அவள்தான். கூட்டத்தில் கை தூக்கத்தான் உரிமை இல்லை. அவளுடைய இரண்டு மாடுகளும் கோடையில் பிராஸ்காவின் மேல் புல்வெளியை எட்டிப் பார்க்கக்கூடாது. தெல்வாவின் கல்லாங்காட்டுக்குத்தான் போகவேண்டும்.

புருஷன் இறந்த வருஷம் ஒருமுறை வாய்விட்டுக் கேட்டாள். "கட்டிலைத் திருப்பிப் போட்டுக்கறேன். என்னையும் ஊர்ல சேத்துக்குங்க."

ஊரிலேயே அதிக மாடு வைத்திருந்த லுரேன் எழுந்தான். "கட்டிலைத் திருப்பி உள்ள வர்றவ, நாளைக்குக் கட்டிலைத் திருப்பி வெளிய போயிடுவா" என்றான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவள் வைத்த சூப்பைக் குடித்துக்கொண்டே சிரித்தது. அதற்குப் பிறகு மெங்கியா கேட்கவே இல்லை.

இந்த அக்டோபரில் ஊர் எழுத்தர் பிளாசி அவள் வீட்டுக்கு வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துப் பிசைந்துகொண்டு நின்றான்.

"அக்கா, மேலிடத்துலேர்ந்து கடிதாசி வந்திருக்கு. முப்பது பேருக்குக் கொறஞ்சா நம்ம ஊரைத் தெல்வாவோட இணைச்சிடுவாங்களாம்."

"இணைக்கட்டும். எனக்கென்ன, நான் தெல்வாக்காரிதானே."

"அப்படிச் சொல்லாதீங்கக்கா. கட்டிலை மட்டும் லேசாத் திருப்பிப் போட்டீங்கன்னா..."

"ஓ. என் தலை இப்பத்தான் உங்க கண்ணுக்குத் தெரியுதா?"

"லுரேன் அண்ணன்கூட இந்தத் தடவை ஒண்ணும் சொல்லமாட்டாரு."

"சும்மா இருந்தா போதுமா? அவனையே வந்து கேக்கச் சொல்லு."

லுரேன் வரவில்லை. செத்தாலும் அந்தப் படியேற மாட்டேன் என்றானாம். மெங்கியாவும் கட்டிலை ஓர் அங்குலம்கூட நகர்த்தவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் பிளாசிதான் இளைத்துப்போனான். கடைசியில், அந்த எல்லை வீட்டுக் கட்டில் எந்த ஊரில் இருக்கிறது என்று பார்த்துவர மேலிடமே ஒரு சர்வேயர் அம்மாவை அனுப்பியது.

அவள் மத்தியானப் பேருந்தில் வந்து இறங்கினாள். ஊரே படுக்கையறைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. இடம் கிடைக்காதவர்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். படியேற மாட்டேன் என்ற லுரேனும், எல்லையைக் காட்ட வேண்டுமே என்று உள்ளே வந்து நின்றான். மெங்கியா தன் பழைய காலுறைகளைக் காலால் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள்.

சர்வேயர் பழைய வரைபடத்தைக் கட்டில்மேல் விரித்தாள். "எல்லையை எப்படிப் பாப்பீங்க?"

லுரேன் முந்திக்கொண்டான். "மேல சிவப்பு வளையம் போட்ட கல்லு. அதுலேர்ந்து நேரா தெல்வா மணிக்கூண்டு. அதான் கோடு. எங்கப்பா காட்டினது."

"எந்த மணிக்கூண்டு?"

"எந்த மணிக்கூண்டா? இருக்கறதே ஒண்ணுதானே."

"இந்தப் படம் பழைய கூண்டை வச்சு வரைஞ்சது. அது எரிஞ்சு அம்பது வருஷமாச்சே. புதுசைத் தேவாலயத்துக்கு அந்தப் பக்கம் கட்டியிருக்காங்க, நாப்பது மீட்டர் தள்ளி. அங்க நாப்பது தள்ளினா இங்க நாலு தள்ளும்." அவள் வெளியே போய்க் கருவியை நிறுத்தி இரண்டு முறை பார்த்தாள். திரும்பி வந்து சுவரைத் தட்டினாள். "இந்த வீடு முழுசும் பிராஸ்காதான். கட்டிலும் சேத்து. நீங்க எப்பவுமே முப்பது பேர்தான்."

சர்வேயர் முப்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஒரு கிண்ணம் சூப் குடித்துவிட்டு, இரண்டு மணிப் பேருந்தில் போய்விட்டாள்.

"பாத்தீங்களாக்கா, கட்டிலைத் தொடவே வேண்டாம்" என்று பிளாசி பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். வந்தவர்கள் மெல்ல நழுவப் பார்த்தார்கள். மெங்கியா கரண்டியோடு வாசலை மறித்தாள்.

"நில்லுங்க. கல்லும் கூண்டும் என்னைச் சேத்துக்கிச்சு. சரி. நீங்க? கை தூக்குங்க, பாக்கலாம்."

"அதான் தேவையில்லையேக்கா. சட்டப்படி..."

"சட்டத்துக்கு இல்ல. எனக்கு."

முப்பது என்று எழுதியாகிவிட்டது. இனி அவளை வேண்டாம் என்றாலும் ஊருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அது தெரிந்துதான் கேட்டாள். கேட்ட பிறகு பயமாக இருந்தது.

முதலில் பிளாசியின் கை எழுந்தது. பிறகு ஒவ்வொன்றாக எல்லாக் கைகளும். லுரேன் மட்டும் கோட்டுப் பைக்குள் கையை விட்டபடி நின்றான்.

"நான் தூக்கமாட்டேன்."

"ஏன்?" என்றாள் மெங்கியா.

"வெளியாளைச் சேக்கறதுக்குத்தான் கை தூக்கறது. முப்பத்தொரு வருஷமா ஊர்ல இருக்கறவளுக்கு என்ன ஓட்டு வேண்டிக்கிடக்கு? இந்த மலையைச் சேத்துக்கலாமான்னு ஓட்டுப் போடுவாங்களா?" அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எங்கப்பா காட்டின கோடு தப்பு. அன்னிக்கு நான் சொன்னதும் தப்பு. போதுமா?"

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மறைக்கவில்லை. எல்லார் முன்னாலும் நன்றாக அழுது, முன்துணியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"போதாது. ஜூன்ல மேல் புல்வெளிக்கு ஓட்டறப்ப என் மாடுங்கதான் முதல்ல போகணும்."

"அந்த ஆசையே வேண்டாம். எப்பவும் என் மாடுதான் முதல்ல."

"கூட்டத்துல கேப்பேன்."

"கேளேன். எதிர்த்து நான் கை தூக்குவேன்."

"தூக்கு" என்றாள் மெங்கியா. "நானும் தூக்குவேன்."