யாருக்காக மறுபடி எழுதுவது

என் மனைவி இருந்தவரை நானும் என் மகளும் நேருக்கு நேர் பேசிக்கொண்டதாக நினைவில்லை. சண்டையெல்லாம் கிடையாது. மூன்று பேரும் ஒரே மேசையில்தான் சாப்பிடுவோம். எதிரில் உட்கார்ந்திருக்கும் மகளைப் பற்றி நான் மனைவியிடம், "இவளுக்குப் புதுச் செருப்பு வேணுமான்னு கேளு" என்பேன். மனைவி மகள் பக்கம் திரும்பி, "காதுல விழுந்துச்சா?" என்பாள். "விழுந்துச்சு. இப்ப வேணாம்னு சொல்லும்மா." "வேணாமாம்." இப்படியே சின்ன வயதிலிருந்து பழகிப்போயிற்று. விருந்தாளிகள் சிரிப்பார்கள். எங்களுக்கு அதில் விசேஷமாக எதுவும் தெரியாது. நடுவில் ஒருத்தி இருந்தாள், வேலை நடந்தது.

மகளுக்கு என் மனைவி வைத்த செல்லப்பெயர் பூனை. அறைக்குள் வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. அந்தப் பூனை டாக்டருக்குப் படிக்கப்போகிறேன் என்று சொன்னதையும் மனைவி சொல்லித்தான் நான் அறிந்தேன். நுழைவுத் தேர்வு எழுதும்போது அவள் அம்மா படுக்கையில் இருந்தாள். ஒரு பக்கம் புத்தகம், இன்னொரு பக்கம் மருந்து டப்பா என்று படித்து எழுதினாள். மதிப்பெண் வந்தபோது என் மனைவிக்கு நினைவு தெளிவாக இருந்தது. தலையணையில் சாய்ந்தபடி அந்த எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். பிரமாதம் என்று சொல்ல முடியாது, மோசமும் இல்லை. வாசலுக்குள் ஒரு கால் வைக்கப் போதுமான மதிப்பெண்.

அதன்பின் மனைவி இறந்துபோனாள். சில வாரங்களில் கல்லூரியில் நேர்முகத் தேர்வு. மகள் போய்விட்டு வந்து செருப்பைக் கழற்றினாள். "எப்படி இருந்துச்சாம்?" என்று வழக்கம்போலக் கேட்டேன். யாரைப் பார்த்துக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. "பரவால்ல" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். இடம் கிடைக்கவில்லை.

அடுத்த வருடத்துக்கு விண்ணப்பிக்கலாம். பழைய மதிப்பெண் இன்னும் ஒரு வருடம் செல்லும். வேண்டுமானால் தேர்வை மறுபடி எழுதலாம். ஆனால் எழுதினால் புதியதைத்தான் எடுத்துக்கொள்வார்கள், பழையது செல்லாது. கூடினால் லாபம். குறைந்தால், கையில் இருந்ததும் போய்விடும். எழுதுவதா, இருப்பதை வைத்துக்கொண்டு கேட்பதா என்று முடிவு செய்யச் சில வாரங்களே இருந்தன. வீட்டில் கேட்டுச் சொல்ல ஆள் இல்லை.

ஆகவே மச்சினிக்குப் போன் போட்டேன். என் மனைவியின் தங்கை, நாலு தெரு தள்ளித் தையல் கடை வைத்திருக்கிறாள். மெஷின் சத்தத்தோடுதான் எப்போதும் பேசுவாள்.

"பூனை என்ன நினைக்கிறான்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லேன்" என்றேன்.

"அவ எங்க இருக்கா?"

"உள் ரூம்ல."

"நீங்க?"

"ஹால்ல."

மெஷின் நின்றது. "அத்தான், நடுவுல என்ன, கடலா இருக்கு?"

"இல்லம்மா, நீ கேட்டா சொல்லுவா."

"அந்த ஊமைக்கோட்டான் என்கிட்ட மட்டும் வாயத் திறந்து கொட்டிடுவாளாக்கும். சரி, வைங்க. கேக்கறேன்."

சற்று நேரத்தில் உள் அறையில் போன் அடித்தது. மகள் "ம்", "ம்" என்பது கேட்டது. பிறகு என் போன் அடித்தது. மறுபடி எழுதலாமா என்று அவள் யோசிக்கிறாள் போலிருக்கிறது என்றாள் மச்சினி. நான், எழுதட்டுமே, அவள் இஷ்டம் என்றேன். பின்னாளில் தெரிந்துகொண்டது இது. மகள் அவளிடம் கேட்டதே "அப்பா என்ன சொல்றார்?" என்பதை மட்டும்தான். மச்சினி துணியைத் தைக்கும்போது, பிறகு பிரித்து விடுவதற்கு ஓரத்தில் கொஞ்சம் கூடுதலாக விட்டுத்தான் வெட்டுவாள். செய்தியையும் அப்படித்தான் கொண்டு கொடுத்தாள். "எழுதட்டுமே" என்ற என் சொல் மகளிடம் போனபோது, "நீ எழுதணும்னு அப்பாவுக்கு ரொம்ப ஆசை" என்று ஆகியிருந்தது. மகளின் "சரி" என்னிடம் வந்தபோது, "ஒத்தக் கால்ல நிக்கிறா, அத்தான்" என்று ஆகியிருந்தது.

ஒற்றைக் காலில் நிற்பவளுக்கு நான் என்ன செய்ய முடியும்? வெளிச்சமான முன்னறையை அவளுக்குக் காலி செய்து கொடுத்தேன். சைக்கிளை மாடிப்படிக்குக் கீழே தள்ளினேன். ஒரு மேசை விளக்கு வாங்கினேன். நான் செய்வதைப் பார்த்து அப்பாவுக்கு எவ்வளவு ஆசை என்று அவள் நினைத்திருக்கிறாள். இரண்டே நாளில் அந்த மேசையில் புத்தகங்களை அடுக்கினாள். அதைப் பார்த்து, இவளுக்கு எவ்வளவு வெறி என்று நான் நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை பயிற்சி மையத்தில் சேர்க்கப் போனோம். பஸ்ஸில் அவள் ஜன்னலோரம், நான் பக்கத்தில். போய்ச் சேரும்வரை இருவரும் வாயைத் திறக்கவில்லை. மையம் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்தது. நீண்ட நடைவழி, பிளாஸ்டிக் நாற்காலிகள், உள்ளே யாரோ மைக்கில் ரத்த ஓட்டத்தைப் பற்றிப் பாடம் நடத்தும் சத்தம். சேர்க்கை மேசையில் கண்ணாடி போட்ட ஒரு பெண் இருந்தாள். என் மகளின் பழைய மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இதுக்கு இன்டர்வியூ வந்திருக்கணுமே?"

"வந்தது" என்றேன்.

"வந்துச்சா? அப்ப இதை வெச்சே திரும்ப அப்ளை பண்ணலாம் சார். இங்க ஆளைச் சேத்தா எனக்கு நல்லதுதான், ஆனா கேக்கறேன். இப்ப எழுதினா இது போயிடும்னு தெரியும்ல? எதுக்கு எழுதறீங்க?"

"இவதான் எழுதணும்கறா" என்று நான் சொன்னேன்.

"அப்பா ஆசைப்படறார்" என்று மகள் சொன்னாள்.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். பேனாவை மூடினாள்.

"நீங்க ரெண்டு பேரும் ஒரே வீடுதானே?" என்றாள். "வெளிய பெஞ்ச் இருக்கு. பேசிட்டு வாங்க. அஞ்சு மணி வரைக்கும் இருப்பேன். பக்கத்துல டீ நல்லா இருக்கும்."

வெளியே, படிக்கட்டுக்குப் பக்கத்தில், நடைச் சுவரை ஒட்டி ஒரு மர பெஞ்ச். உட்கார்ந்தோம். எங்களுக்கு நடுவில் இன்னொருவர் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது.

"உனக்கு ஆசை இல்லையா?" என்று கேட்டேன். அவளைப் பார்த்தே கேட்டேன்.

"இல்லன்னு இல்ல" என்றாள். பிறகு, "மார்க் நிறைய இருந்தா அங்க ரொம்பக் கேக்க மாட்டாங்கன்னு சொன்னாங்க."

"எங்க?"

"இன்டர்வியூல."

இந்த இடத்தில் நான் வழக்கம்போல வாயை மூடிக்கொண்டிருப்பேன். ஏன் மூடவில்லை என்றால், அந்தக் கட்டடத்தின் லிப்ட் அப்போது பெஞ்சுக்கு எதிரே வந்து நின்றது. கதவு பாதி திறந்து, தயங்கி, மூடிக்கொண்டது. லிப்ட் பழுது பார்ப்பதுதான் என் தொழில். கதவின் தடத்தில் குப்பை சேர்ந்திருக்கும் என்று மனம் அந்தப் பக்கம் போனது. அங்கிருந்துதான் எனக்கு ஒரு வழி தெரிந்தது.

லிப்ட் வேலையில் ஒருவன் பெட்டிக்குக் கீழே அடிக்குழியில் இருப்பான், இன்னொருவன் உச்சியில் மோட்டார் அறையில் இருப்பான். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. மேலே இருப்பவன் "இறக்கறேன்" என்று சொன்னால், கீழே இருப்பவன் "இறக்கற" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். மேலே இருப்பவன் அதைக் கேட்டு "ஆமா" என்ற பிறகுதான் பெட்டி அசையும். சொன்னதும் கேட்டதும் ஒன்றுதான் என்று தெரியாமல் எதையும் நகர்த்தக் கூடாது.

"பூனை, நீ சொல்றதை நான் திருப்பிச் சொல்றேன். சரியா இருந்தா ஆமான்னு சொல்லு" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "இது என்னப்பா?"

"எங்க வேலையில அப்படித்தான். மார்க் நிறைய இருந்தா உன்னைப் பேசச் சொல்ல மாட்டாங்க. அதுக்காக எழுதற."

அவள் உதடு லேசாகக் கோணியது. சிரிப்பா என்று தெரியவில்லை. "ஆமா" என்றாள்.

"போன தடவை என்ன கேட்டாங்க?"

"நோயாளி யாரையாவது பாத்துக்கிட்டிருக்கியா, அதப் பத்திச் சொல்லுன்னாங்க."

ஒரு வருடம் அவள் அம்மாவைப் பார்த்துக்கொண்டவள் இவள்.

"ஒண்ணும் சொல்லலப்பா. மேசைக் காலையே பாத்துட்டிருந்தேன். ஒரு மேடம் தண்ணி குடுத்தாங்க. வேற கேள்வி கேட்டாங்க, அதுக்கும் வரல."

"உனக்குப் பேச வரல."

"வரலன்னு இல்ல" என்றாள். "முதல்ல உங்ககிட்ட சொல்லணும். உங்ககிட்ட சொல்லாம அங்க யார்கிட்டயோ எப்படிச் சொல்றது?"

அதை என்னால் திருப்பிச் சொல்ல முடியவில்லை. தலையை ஆட்டினேன்.

என் மனைவி இறந்தது ஒரு பகல் நேரத்தில். நான் ஒரு அலுவலகக் கட்டடத்தில் அடிக்குழிக்குள் இருந்தேன். போன் மேலே பையில் இருந்தது. நான் வீட்டுக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மகள் மட்டும்தான் அருகில் இருந்தாள். எப்படிப் போனது என்று அவளை நான் கேட்கவில்லை. கேட்டுச் சொல்ல வேண்டியவளே போய்விட்டாளே.

மகள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். காலையிலிருந்தே மூச்சு சரியில்லை. நர்ஸுக்குப் போன் போட்டால் வேறு வீட்டில் இருக்கிறேன், வருகிறேன் என்றாள். இவளே அம்மாவை ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். முதுகுக்குத் தலையணை கொடுத்தாள். உதடு காய்ந்ததால் துணியை நனைத்து ஒற்றினாள். மருந்தை எவ்வளவு கொடுக்கலாமோ அவ்வளவும் கொடுத்துவிட்டாள். அதற்குமேல் கொடுக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும்.

"நடுவுல அம்மா கண்ணத் தொறந்தாங்க. 'அப்பாகிட்ட சொல்லு, எனக்கு வலிக்கலன்னு சொல்லு'ன்னாங்க."

நான் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"எனக்குச் சொல்ல வரலப்பா. ஏன்னா அது பொய். வலிச்சுது. ரொம்ப வலிச்சுது. என் கையப் பிடிச்சிருந்தாங்க, எனக்குத் தெரியும். கடைசியில கொஞ்ச நேரம்தான் வலி இல்ல." அவள் குரல் உடையவில்லை. மெதுவாக, ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். "அம்மா சொன்னபடி சொன்னா உங்களுக்கு நிம்மதி. சொன்னா பொய். சொல்லலன்னா அம்மா பேச்சக் கேக்கல. எதையும் சொல்லாம இருந்துட்டேன். இன்டர்வியூல அந்தக் கேள்வி கேட்டப்ப இதுதான் வாயில வந்து நின்னுச்சு. முழுங்கிட்டேன்."

உள்ளே மைக் நின்று, பிள்ளைகள் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலிச்சுது" என்றேன்.

"ஆமா."

"நீ கூட இருந்த."

"ஆமாப்பா."

பிள்ளைகள் கும்பலாக வெளியே வந்து, எங்கள் கால்களைத் தாண்டி, படிகளில் சளசளவென்று இறங்கிப் போனார்கள். அவர்கள் போய் முடிந்ததும், "எழுதட்டுமா, வேணாமா? நீங்க சொல்லுங்க. சித்திகிட்ட இல்ல, என்கிட்ட" என்றாள்.

எனக்கு மருத்துவக் கல்லூரியைப் பற்றி எதுவும் தெரியாது. எவ்வளவு மதிப்பெண்ணுக்கு எந்தக் கதவு திறக்கும் என்பதும் தெரியாது. ஆனாலும் அவள் கேட்டுவிட்டாள்.

"எனக்குத் தோணறதச் சொல்றேன்" என்றேன். "மார்க்னால அவங்க உன்னை அனுப்பல. எவ்வளவு மார்க் வாங்கினாலும், டாக்டரானா தினமும் ஒரு அப்பன்கிட்ட இந்த மாதிரி வந்து சொல்லணும். அதுலேருந்து தப்பிக்கறதுக்குப் பரீட்சை எழுதாத. மார்க் போதலன்னு உனக்கே தோணினா எழுது. நான் மேசை விளக்கைத் துடைச்சு வெக்கறேன்."

அவள் யோசித்தாள். முகத்தில் அவசரம் எதுவும் இல்லை.

"மார்க் போதும்ப்பா" என்றாள். "இப்ப உங்ககிட்ட சொன்னத அங்கயும் சொல்ல முடியுமான்னுதான் தெரியல. முடியலன்னா இந்தத் தடவையும் போயிடும்."

"போகலாம்."

"போனா?"

"போனா வீட்டுக்கு வா. என்ன கேட்டாங்க, என்ன சொன்னன்னு எனக்குச் சொல்லு."

அவள் எழுந்து துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள். "நான் போய் வேணாம்னு சொல்லிட்டு வரேன். நீங்க வர வேணாம். நானே சொல்றேன்."

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். கதவு வழியாகப் பார்த்தேன். அந்தப் பெண் எதையோ கேட்டாள். என் மகள் பதில் சொன்னாள். ஒரு சொல்லோடு முடியும் பதில் இல்லை அது. கைகளை அசைத்துக்கூடப் பேசினாள். அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தனக்கு வலிக்கவில்லை என்று சொல்லி அனுப்பியவளை நினைத்துக்கொண்டு அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எனக்காகச் சொல்லிய பொய் அது. அதன் நிம்மதி இனி எனக்குக் கிடைக்காது. மகள் திரும்பி வர நேரமானது. அந்த நேரம் எனக்கு வேண்டியிருந்தது.