மெசின் ஓடாத பகல்கள்

“மாமா, உங்கடை பாட்டு ஏன் ஒரு கதிரையிலையும் இருக்குதில்லை?”

நிஷானியின் மகள் இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. ஜஸ்ரின் அப்போதுதான் ஒரு புது மெட்டைப் பியானோவில் வாசித்து முடித்திருந்தான். சிரித்துவிட்டு, ஒரு ரொபி மிட்டாயைக் கையில் வைத்து அவளை விளையாட அனுப்பினான். பிள்ளை போய்விட்டது, கேள்வி போகவில்லை. அதன் பிறகு அந்த மெட்டை எத்தனையோ விதமாக மாற்றிப் பார்த்தான். அது கதிரை போட்டும் உட்காராமல் வாசலில் நின்று கால் மாற்றிக்கொண்டிருக்கும் விருந்தாளியைப் போலவே இருந்தது. உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை.

மானிப்பாயில் ஜாஸ் என்றால் அரைவாசிப் பேருக்கு அது வெறும் சத்தம். மற்றவர்களுக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது. ஜஸ்ரின் பள்ளிக்கூடத்தில் மேற்கத்திய சங்கீதம் படிப்பிக்கிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் ஓர்கன் வாசிப்பான். ஆராதனை முடிந்து சனம் கலைந்த பிறகு, சற்றுமுன் பாடிய பாமாலையின் சுரங்களையே அங்கொன்றும் இங்கொன்றுமாக வளைத்துப் பார்ப்பான். அப்படி வளைந்து வளைந்து வந்தவைதான் அவனுடைய ஒன்பது பாட்டுகளும். ஒன்பதையும் ஒரு அல்பமாகப் பதிந்துவிட வேண்டும் என்பது பல வருட ஆசை.

அவனோடு இன்னும் இரண்டே பேர். வங்கியில் வேலை செய்யும் ஒன்றுவிட்ட தங்கை நிஷானி பேஸ் கிற்றார் வாசித்தாள். மடிக்கணினியில் பதிவு செய்வதும் அவள்தான். டிரம்ஸ் லெனாட். பள்ளிக்கூட பாண்டில் ஒன்றாக நின்ற கூட்டாளி. கொழும்பு ஹோட்டல்களில் வாசித்துக் களைத்து, இப்போது குடும்பத்தோடு அவுஸ்திரேலியாவுக்கே போகிறான். ஞாயிற்றுக்கிழமை பிளேன். அதற்கு முன் ஒரு கிழமையை, ஆறேழு நாட்களை, இவர்களுக்கென்று எடுத்து வந்திருந்தான். தேவாலயத்தின் பழைய மண்டபத்தில் நல்ல பியானோ ஒன்று கிடந்தது. அடுத்த கிழமை அந்த மண்டபத்துக் கூரையைப் பிரிக்கப் போகிறார்கள்.

மண்டபத்தின் யன்னலுக்கு வெளியே நமசிவாயத்தின் வெங்காயத் தோட்டம். கிணற்றடியில் தண்ணீர் இறைக்கும் மெசின். அது ஓடினால் பதிவு செய்யவே முடியாது என்று தொடங்குமுன் ஜஸ்ரின் பயந்து, அதற்காகவே ஜெபமும் செய்திருந்தான். ஆனால் அந்தக் கிழமை பகலில் ஒருநாளும் மெசின் ஓடவில்லை. புதன்கிழமைக்குள் எட்டுப் பாட்டுகள் முடிந்தன. ‘கர்த்தர் தந்த அமைதி’ என்று அவன் மனதுக்குள் சொல்லிக்கொண்டான். மிஞ்சியது அந்த இருப்புக்கொள்ளாத ஒன்பதாவது.

வியாழக்கிழமை காலை நமசிவாயத்தின் தகப்பன் ஏரம்பர் கண்ணை மூடினார். சுவிஸில் இருக்கும் மகள் வந்து சேரவேண்டும். சனிக்கிழமை பின்னேரம்தான் பிரேதம் எடுப்பு என்று சொன்னார்கள்.

ஒழுங்கையில், அந்த ஒடுங்கிய தெருவில், ஒரு வீட்டில் பிரேதம் கிடந்தால் றேடியோகூடப் போடமாட்டார்கள். பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்க வரும் ஓட்டோவும் ஒழுங்கை முகப்பிலேயே பாட்டை நிற்பாட்டிவிட்டுத்தான் உள்ளே வந்தது.

“ஒருத்தரும் வந்து வாசிக்க வேண்டாம் எண்டு சொல்லேல்லையே மச்சான். யன்னலைச் சாத்திப்போட்டு மெல்லமா அடிப்பம்,” என்றான் லெனாட்.

“லெனாட் அண்ணை, நீங்கள் மெல்லமா அடிச்சதை நான் இந்தப் பிறப்பிலை கேக்கேல்லை,” என்றாள் நிஷானி.

ஜஸ்ரின் சிரிக்கவில்லை. மண்டபத்துக்குள் மேலும் கீழும் நடந்தான். பியானோ மூடியைத் திறந்தான், மூடினான். விரல்கள் தொடையில் தாளம் போட்டபடி இருந்தன. ஒரு மனிதர் இறந்திருக்கும்போது தன் மனம் நாட்களை எண்ணிக்கொண்டிருப்பதை நினைக்க அவனுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் எண்ணுவதை நிறுத்த முடியவில்லை.

வெள்ளிக்கிழமை செத்தவீட்டுக்குப் போனான். துக்கம் விசாரிக்கத்தான் போனான். ஆனால் ஒரே ஒருதரம், சத்தம் குறைத்து வாசிக்கலாமோ என்று கேட்பதும் நெஞ்சுக்குள் இருந்தது. பந்தலுக்குள் போட்டிருந்த கதிரையில் இருத்தினார்கள். அயல்வீட்டிலிருந்து தேத்தண்ணி வந்தது. பக்கத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த அயல்தோட்டக்காரர் இளையதம்பி அவனைக் கண்டதும் வாயைத் துடைத்தார்.

“வாரும் மாஸ்ரர். உங்கடை கச்சேரியாலை எங்கடை நமசிவாயம் இப்ப கோழிக்கு முந்தி எழும்புறார்.”

ஜஸ்ரினுக்கு விளங்கவில்லை.

“பின்னை? பகலிலை மெசின் போட்டா உங்கடை பதிவு பழுதாப்போமாம். விடியப்புறம் ரோச் லைற்றோடை போய்த் தண்ணி கட்டுறார். பெண்சாதிக்குக்கூட உவர் இப்பிடி எழும்பினதில்லை.”

சுற்றியிருந்த இரண்டொருவர் செத்தவீடென்பதை மறந்து சிரித்துவிட்டார்கள். தூணோடு நின்ற நமசிவாயத்தின் முகம் சுருங்கியது.

“சும்மா இரு இளையதம்பி. விடியப்புறம் கட்டினாத் தண்ணி மிச்சம், அதுதான்,” என்றவர், ஜஸ்ரினின் பக்கம் திரும்பினார். “தம்பி, உங்கடை சிநேகிதன் வெளிநாடு போறாராமே. நீங்கள் பாத்துக்கொண்டிருக்க வேண்டாம், அடியுங்கோ. அப்பு கோவிக்கமாட்டார்.”

கேட்க வந்ததை, கேட்காமலே கொடுத்துவிட்டார். அதனாலேயே அதை எடுக்க முடியவில்லை.

“இல்லை அண்ணை. எடுத்த பிறகு பாப்பம்,” என்றான். ஜெபத்துக்குக் கிடைத்த பதில் என்று அவன் நினைத்தது, ஒரு மனிதன் இருட்டில் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழும்பியது.

திரும்பி வரும்போது தோட்டத்தைப் பார்த்தான். வீட்டுக்காரர் வீட்டைவிட்டு அசையமுடியாது. அயலவர்கள் எல்லோரும் பந்தலில். தண்ணீர் கட்ட ஆளில்லை. வெங்காயத் தாள்களின் நுனி மஞ்சளித்திருந்தது. சிவப்பு மண் வெடிக்கத் தொடங்கியிருந்தது.

சனிக்கிழமை வெயில் நெருப்பாய் எரிந்தது. மூன்று மணிக்குப் பிறகு பிரேதம் எடுத்தார்கள். பெண்களின் அழுகை வாசற் படலைவரை வந்து நின்றது. ஆண்கள் சுடலைப் பக்கம் நடந்தார்கள். பறைமேளம் சந்தி தாண்டித் தேயும்வரை மூவரும் தலைகுனிந்து நின்றார்கள். பிறகு நிஷானி மடிக்கணினியைத் திறந்தாள். லெனாட்டின் பஸ் இரவுக்குத்தான். நேரம் இருந்தது.

முதல்தரம் வாசித்தார்கள். நடுவில் ஓரிடத்தில் மூவரும் ஒரே மூச்சாகப் போனார்கள். ஜஸ்ரினின் பிடரி மயிர் சிலிர்த்தது. ஆனால் முடிவுக்கு முன் அவனுடைய இடதுகை அரைக்கணம் பிந்தியது. அது அவனுக்கும் தெரிந்தது, மற்ற இருவருக்கும் தெரிந்தது.

“கிட்ட வந்திட்டுது மச்சான்!” லெனாட் குச்சிகளைத் தட்டினான். “அடுத்ததிலை பிடிச்சிடுவம். இன்னொண்டு.”

ஜஸ்ரின் யன்னலைப் பார்த்தான். தாள்கள் இப்போது மண்ணோடு சாய்ந்து கிடந்தன. சுடலைக்குப் போனவர்கள் பொழுதுபடுமுன் வந்துவிடுவார்கள். வந்த பிறகு தோட்டத்தில் இறங்கினால் யாராவது பார்ப்பார்கள், பார்த்தால் சொல்வார்கள். நமசிவாயம் நன்றி சொல்ல நடந்து வருவார், தோட்டத்தில் பிடுங்கியது எதையாவது பையில் கொண்டுவருவார். இவர்களிடம் சொன்னாலும் அதேதான். லெனாட் இதைக் கதையாக்கி மெல்பேர்ன்வரை கொண்டுபோவான்.

இன்னொருதரம் வாசித்தால் அதற்கடுத்ததும் வரும். தன்னை அவனுக்குத் தெரியும்.

“காணும், இவ்வளவு போதும்,” என்றான்.

“என்ன காணும்?”

“இது இருக்கட்டும். சாமானைக் கட்டுவம்.”

“விசரே உனக்கு? நிஷானி தும்மினதுக்கே முழுப்பாட்டையும் திருப்பி அடிக்கச் சொன்னவன் நீ! இனி நான் எப்ப வருவனோ தெரியாதடா.”

“தெரியும் மச்சான்.”

“பேந்தேன் நிப்பாட்டுறாய்?”

ஜஸ்ரின் பியானோ மூடியை இறக்கினான். லெனாட் அவனையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு டிரம்ஸைக் கழற்றத் தொடங்கினான். திருகாணி ஒவ்வொன்றையும் தேவைக்கு மேல் இறுக்கித் திருப்பினான். நிஷானியின் வான் வண்டியில் எல்லாம் ஏற்றியதும் வந்து ஜஸ்ரினைக் கட்டிப்பிடித்தான். கோபம் முழுதாய் ஆறியிருக்கவில்லை.

“நீங்கள் வரேல்லையோ அண்ணை, பஸ்ஸடிக்கு?” நிஷானி கேட்டாள்.

“மண்டபத்தைப் பூட்டவேணும். நீ கொண்டுபோய் விடு.”

வான் சந்தியில் திரும்பும்வரை நின்றான். பிறகு மோட்டார் சைக்கிளிலிருந்து ஒரு போத்தல் பெற்றோல் எடுத்துக்கொண்டு, வேலிப் பொட்டின் இடைவெளிக்குள்ளால் குனிந்து தோட்டத்துக்குள் போனான். மெசினின் தாங்கிக்குள் பெற்றோலை ஊற்றிக் கயிற்றை இழுத்தான். இருமியது. இழுத்தான். உள்ளங்கை எரிந்தது. மறுபடி இழுக்க, மெசின் பிடித்துக்கொண்டு ஊரே கேட்கும்படி கத்தியது. செத்தவீட்டுப் பெண்கள் அயலவர் யாரோ என்று நினைத்துக்கொள்ளட்டும்.

கிணற்றடியில் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்தான். பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாற்றிவிட்டு அவனுக்குப் பழக்கமில்லை. முதல் பாத்தியில் வரம்பை உடைத்துவிட்டான். கையால் மண் அள்ளி அடைத்தான். சப்பாத்தைக் கழற்றி எறிந்தான். நல்ல காற்சட்டை முழங்கால்வரை சேறானது. ஒரு பாத்தி நிறைய அதை மூடி அடுத்ததைத் திறந்தான். பிந்தினால் தண்ணீர் வழிந்து ஓடியது. முந்தினால் கடைசித் தாள்களுக்குப் போய்ச் சேரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கை அளவு பிடித்தது.

வெயில் பனைகளுக்குப் பின்னால் இறங்கியபோது மெசினை நிறுத்தினான். மண்வெட்டியைக் கழுவி, இருந்தபடியே சாத்தினான். சந்திப் பக்கம் ஆட்களின் பேச்சுக் கேட்டது. சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு வேலிக்குள் குனிந்தான்.

வாய்க்காலில் மிஞ்சிய தண்ணீர் இன்னும் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. எங்கிருந்தோ வந்த ஒரு கொக்கு, அவன் கால் புதைந்திருந்த குழியொன்றின் ஓரத்தில் இறங்கி, அதற்குள் ஊறும் நீரைத் தலை சாய்த்துப் பார்த்தது.