எட்டாம் வகுப்பு பி பிரிவின் பனிக்காலம்

எட்டாம் வகுப்பு பி பிரிவில் மட்டும் செவ்வாய்க்கிழமை மூன்றாம் பீரியடில் பனி பெய்தது. பக்கத்து ஏ பிரிவில் வழக்கம்போல் வெயில்தான். அங்கே கணக்குப் பாடம். பியூன் துடைப்பத்தோடு வந்து வாசல் வரை பெருக்கித் தள்ளிவிட்டு, "உருகினதும் சொல்லி அனுப்புங்க, துடைச்சு விடறேன்" என்று போய்விட்டார். யாருக்கும் இதில் ஆச்சரியமில்லை. பிரசவ விடுப்பில் போகும்முன் பிரெஞ்சு டீச்சர் தன் இடத்தில் வரப்போகும் ஆசிரியருக்காக எழுதிவைத்த பாடக்குறிப்பில், அந்தச் செவ்வாய்க்கு நேராக, 'குளிர்காலம்: மாணவர்கள் பனியை உணர்வார்கள்' என்று இருந்தது. டீச்சர் எழுதினால் நடக்கும்.

சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். தன் கல்யாண நிகழ்ச்சி நிரலில் 'போட்டோ எடுக்கும்போது மாமியார் சிரிக்கிறார்' என்று எழுதியிருந்தாள். அன்று முகத்தில் ஏறிய சிரிப்பை மாமியாரால் இன்றுவரை இறக்கிவைக்க முடியவில்லை. துக்கம் விசாரிக்கப் போனால் கைக்குட்டையால் பொத்திக்கொள்கிறார். கணவரைப் பற்றி 'ஆறு மணிக்கு வீட்டில்' என்று எழுதியதிலிருந்து, அவர் எந்த நெரிசலில் மாட்டியிருந்தாலும் ஆறு மணிக்குச் சோபாவில் இருப்பார். பைக்கைத்தான் யாராவது பின்னாலேயே போய் எடுத்துவர வேண்டும்.

பிரெஞ்சு தெரிந்த ஆள் எங்கும் அகப்படாததால், அந்தப் பீரியடில் சும்மா இருந்த பி.டி. மாஸ்டரின் தலையில் வகுப்பு விழுந்தது. அவன் டீச்சரின் சொந்தத் தம்பி. அவனுக்குப் பிரெஞ்சில் தெரிந்தது தாடி மட்டும். அதுவும் ஒரு பக்கம் சரியாக வளரவில்லை. இதற்கு நடுவில் பள்ளித் தாளாளர் வேறு ஒரு குண்டைத் தூக்கிப் போட்டிருந்தார். குறிப்பின் கடைசி நாளன்று வந்து உட்காருவார். பிள்ளைகள் தாங்களாகவே பிரெஞ்சில் பேசுவதைத் தம் காதால் கேட்டால் பாடம் நீடிக்கும். இல்லாவிட்டால் அந்த அறையில் கம்ப்யூட்டர்கள் வரும், டீச்சர் திரும்பி வரத் தேவையில்லை.

"ஒரு வரிகூடத் தாண்டக் கூடாதுடா. என் வேலை உன் கையில இருக்கு" என்றாள் அக்கா.

"எல்லாம் சரிக்கா. 'இங்கே மாணவர்கள் சிரிப்பார்கள்'னு போட்டிருக்கியே, சிரிக்கலேன்னா?"

"சிரிப்பாங்க."

சிரித்தார்கள். கடைத்தெருப் பாடத்தன்று கரும்பலகை ஓரமாக ஒரு ரொட்டிக் கடை முளைத்து, மணி அடித்ததும் கதவைச் சாத்திக்கொண்டது. ரயில் பாடத்தன்று தம்பி விசில் ஊத, பெஞ்சுகள் மெல்ல நகர்ந்தன. கடைசி பெஞ்சுக்காரர்களுக்கு ஜன்னல் வழியாகப் பாரிஸ் கொஞ்சம் தெரிந்ததாம். தலைமையாசிரியர் குடையோடு ஒருமுறை எட்டிப்பார்த்துத் திருப்தியாகப் போனார்.

குறை ஒன்றே ஒன்றுதான். குறிப்பில் இருந்ததைத் தவிரப் பிள்ளைகள் வாயைத் திறக்கவில்லை. கேட்டால் பதில் சொல்வார்கள். கேட்காவிட்டால் சாவி தீர்ந்த பொம்மைகள்தான். தாளாளர் கேட்பதோ தாங்களாகப் பேசும் பேச்சு. கடைசி நாள் பாடத்தைச் சாவகாசமாக எழுதிக்கொள்ளலாம் என்று அக்கா வெற்றாக விட்டிருந்தாள். பிரசவத்துக்கும் அவளே நாள் குறித்திருந்தாள். ஆனால் அவள் எழுத்தை மதிக்காத முதல் ஜீவன் வயிற்றுக்குள் இருந்திருக்கிறது. தாளாளர் வருவதாகச் சொன்ன அன்று காலையே அது கிளம்பிவிட்டது.

தம்பி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டான்.

"அக்கா, ஒரே ஒரு வரி சொல்லேன். நான் எழுதிக்கிறேன்."

"எருமை! இங்க உயிர் போகுது, உனக்கு வரி வேணுமா? நீயே எழுதித் தொலைடா!"

அவன் வாழ்நாளில் பாடக்குறிப்பு எழுதியவனில்லை. பி.டி. பீரியடுக்கு எல்லா மாஸ்டர்களும் காலங்காலமாகச் செய்வது ஒன்றுதான். அதையே வியர்த்துக்கொண்டு எழுதினான்: 'பந்து கொடுக்கவும்.'

தாளாளர் முதல் வரிசையில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்தார். தம்பி பந்தைக் கொடுத்தான். கொடுத்தது கால்பந்து. ஒரு பெண் உதைத்தாள். பந்து மின்விசிறியைத் தாண்டி மேலே போய் அங்கேயே நின்றுகொண்டது. கீழே வர மறுத்தது. வகுப்பு அண்ணாந்து பார்த்தது. பின்வரிசைப் பையன் ஒருவன் பொறுமை இழந்து, இறங்கி வா என்று அதட்டினான். அதட்டியது பிரெஞ்சில், அந்த அறையில் அதட்டுவதற்கு வேறு மொழி அவனுக்குத் தோன்றவில்லை. பந்து சொன்னபடி இறங்கி அவன் காலடிக்கு வந்தது. அவ்வளவுதான். எனக்கு, எனக்கு என்று ஆளாளுக்குக் கூப்பிட, பந்து கூப்பிட்டவர் பக்கமெல்லாம் ஓடியது. கரும்பலகையில் பட்டது கோல்தானா இல்லையா என்று சண்டை மூண்டது. ஏமாற்றுக்காரி, கண்ணில்லாதவனே, உன் அண்ணனைக் கூட்டி வா பார்க்கலாம். எதுவும் அக்கா சொல்லிக்கொடுத்ததில்லை, எல்லாம் சுத்தமான பிரெஞ்சு.

தாளாளர் கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு நாற்காலி மேல் ஏறி நின்று, "நோன்! நோன்!" என்று கத்தி, அது ஏன் கோல் ஆகாது என்பதை நீளமான பிரெஞ்சு வாக்கியங்களில் விளக்கினார். இறங்கியதும், அந்த மொழி தமக்குத் தெரியாது என்பது நினைவுக்கு வந்து, வேட்டைக்கு வந்தவர் வழி தவறிய மாதிரி விழித்தார். "பாடம் இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதே நேரத்தில் ஆஸ்பத்திரியில் தம்பி மாமாவானான்.

அக்கா கைக்குழந்தையோடு ஒரு செவ்வாய்க்கிழமை திரும்பி வந்தாள். குறிப்பு முடிந்தும் நிற்காமல் செவ்வாய்தோறும் பெய்த பனி அன்றும் பெய்துகொண்டிருந்தது. விட்டத்தை ஒட்டிப் பந்து சும்மா மிதந்தது.

"இதை என்னடா பண்றது?"

"நான் ஒண்ணும் பண்றதில்லக்கா. தானா வருது, தானா போகுது."

குழந்தை, தூங்க வேண்டும் என்று எழுதியிருந்த நேரத்தில் கண்ணை அகல விழித்துக்கொண்டு பந்தையே பார்த்தது. அக்கா நாற்காலியில் இருந்த பனியைத் தட்டிவிட்டு உட்கார்ந்து, அடுத்த வாரக் குறிப்பை எடுத்து எழுதினாள்: 'பந்து: இறங்கும்போது இறங்கட்டும்.' பிறகு, இனி செவ்வாய்க்கிழமைகளில் குழந்தைக்கு ஒரு குல்லாய் எடுத்துவர வேண்டும் என்று தம்பியிடம் சொன்னாள்.