கடைசி மலை

அக்கா படுத்திருக்கும் அறையின் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். பாதி ஆயுளுக்குத் தொலைதூரப் பேருந்து ஓட்டியவள். இடுப்பு முறிந்தபின் அவள் பார்வை போகும் தூரம் அவ்வளவுதான்.

"ஏய் சுண்டெலி, நாடகக்காரங்களுக்கெல்லாம் திரையில மலை வரைஞ்சு குடுக்குறே. கூடப்பொறந்தவளுக்கு ஒண்ணு வரைஞ்சா கை தேஞ்சிடுமா?"

கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் தொடங்கினேன். முதலில் வானம். அது காய்ந்ததும் கடைசி மலை: வெள்ளையில் ஒரு துளி நீலம், இருக்கிறதா இல்லையா என்பதுபோல. அதற்கு முன்னால் சற்று அடர்ந்த ஒன்று. பிறகு பச்சை கலந்த மூன்றாவது. ஒவ்வொன்றும் காய்ந்தபின் அதன் அடிவாரத்தில் நீர்த்த வெள்ளையை மூடுபனியாக இழுத்துவிட்டேன். எல்லாவற்றுக்கும் முன்னால் கருத்த மரங்கள். சுவர் பின்வாங்கிப் போனது.

"எத்தனை மலைக்கா?"

"ரெண்டு."

"மூணு."

"மலைப்பாதையில வண்டி ஓட்டினவகிட்டயே கணக்குக் காட்டுறியா?"

நான் சிரிக்கவில்லை. மங்கிக்கொண்டே வரும் அவள் கண்ணுக்கு வெளிர் நிறங்கள்தான் முதலில் போகும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். சொட்டு மருந்து அதைத் தாமதப்படுத்தும், தடுக்காது.

கடைசி மலையைக் கருக்கினேன்.

"ஆங், வந்துட்டான்!" என்று கைதட்டினாள். பிறகு கை இறங்கியது. "ஏன்டி இவ்ளோ கிட்ட வந்து நிக்கிறான்? மூச்சு முட்டுது."

உண்மைதான். மூன்று மலைகளும் ஒரே வரிசையில் ஒட்டி நின்றன. சுவர் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. வெளுத்தால் தூரம் வரும், அவளுக்கு மலை போய்விடும். கருக்கினால் மலை வரும், தூரம் போய்விடும். நடுவில் ஒரு நிறம் தேடிக் கிண்ணம் கிண்ணமாகக் கலந்தேன். கிடைத்தது. சில நாள் தாங்கியது. அப்புறம் அதுவும் அவளுக்கு வெறும் வானமாகிவிட்டது.

"சுண்டெலி, நடு மலையையும் காணோம்டி. இன்னும் கொஞ்சம் பூசேன்."

"பூசுறேன்க்கா."

நடு மலையும் ஏற்கெனவே மரங்களின் கருப்புக்கு வந்திருந்தது; அதைவிடக் கருப்பாக என்னிடம் எதுவும் இல்லை. தூரிகையை வெறும் தண்ணீரில் நனைத்து, மலை இருந்த இடத்தில் தேய்த்தேன். அந்தச் சத்தம் வந்த பக்கம் அவள் முகத்தைத் திருப்பினாள்.

"பாத்துடி, கிட்ட வந்துடப் போறான். தூரமாவே இருக்கட்டும்."