கொடிக்கு அந்தப் பக்கம்

ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரே கராஜில் அன்பரசன் கார் நசுங்கல் எடுக்கும் டென்டர், ஜெயமணி பெயிண்டர். தேசிய தின லீவில் இருவரும் பனி பார்க்க ஜார்ஜியா நாட்டுக்குப் போனார்கள். வருஷம் முழுக்க வெயிலில் வெந்த உடம்புகளுக்கு அந்தக் குளிர் முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது.

ஸ்கீ பழகாதவர்களுக்கு ஆகாது என்று, உட்கார்ந்தபடி சறுக்கும் பிளாஸ்டிக் வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்தார்கள். சிவப்புக் கொடிகளைத் தாண்டக் கூடாது என்று வண்டிக்காரன் சைகையில் சொன்னான். மாறிமாறிச் சறுக்கினார்கள். மத்தியானத்துக்குப் பிறகு உச்சியிலிருந்து மூடுபனி இறங்கியது.

"போதும் மாப்ள, கெளம்புவோம்" என்றான் அன்பரசன்.

"கடைசியா ஒண்ணு. நீ வீடியோ எடு. சுசீலாவுக்கு அனுப்பணும்."

மனைவிக்கான அந்த வீடியோவில் கையை உயர்த்திக்கொண்டு போன ஜெயமணி, ஒரு மேட்டில் தூக்கிப்போடப்பட்டான். வண்டி பக்கவாட்டில் திரும்பி, இரண்டு கொடிகளுக்கு நடுவே புகுந்து மறைந்தது.

அன்பரசன் கூப்பிட்டுப் பார்த்தான். பதில் இல்லை. உதவிக்கு யாரையும் தேடாமல் தானே இறங்கினான். தொடை வரை கால் புதைந்தது. பள்ளத்தின் அடியில், ஒரு மரத்தில் மோதிக் கிடந்தான் ஜெயமணி. வலது கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் திரும்பியிருந்தது.

போனில் சிக்னல் இல்லை. அக்குளில் கைகொடுத்து இழுத்தான். ஜெயமணி அலறினான். கொஞ்சம் ஏறினால் இருவரும் சேர்ந்து சறுக்கிக் கீழே வந்தார்கள். மறுபடி இழுத்தான், மறுபடி சறுக்கினார்கள். பனி கொட்டத் தொடங்கியது.

பிறகு ஜெயமணி அலறுவதை நிறுத்திவிட்டான். "இப்பக் குளிரல மாப்ள. தூக்கம் வருது."

அந்த அலறலைவிட இதுதான் அன்பரசனைப் பயமுறுத்தியது. கன்னத்தில் அறைந்தான். "கண்ண மூடுன, கொன்னுருவேன்." தன் ஜாக்கெட்டைக் கழற்றி அவன்மேல் சுற்றினான்.

"விட்டுட்டுப் போறியா?"

"ஆளக் கூட்டியாறேன். பேசிக்கிட்டே இரு. ஃபோர்மேன திட்டு. என்னைய திட்டு. வாய மூடாத."

கையாலும் காலாலும் ஏறினான். மீட்புக்காரர்களின் கொட்டகையில் அவன் பேசிய இந்தியும் அரபியும் யாருக்கும் புரியவில்லை. அவர்களில் ஒருவனின் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். பிறகுதான் இரண்டு பேர் பனி வண்டியைக் கிளப்பினார்கள்.

வந்து பார்த்தால் அவன் இறங்கிய தடமே இல்லை. எல்லாக் கொடியும் ஒரே மாதிரி நின்றது. "ஜெயமணி, ஜெயமணி" என்று ஒவ்வொரு சரிவிலும் கத்தினான். தொண்டை கிழிந்தது. மீட்புக்காரர்களில் மூத்தவர் வானத்தைக் காட்டி, திரும்பலாம் என்று தலையசைத்தார். அன்பரசன் வண்டியிலிருந்து குதித்துப் பனியில் உட்கார்ந்துவிட்டான். சுசீலாவிடம் என்ன சொல்வது என்ற ஒன்றுதான் மனதில் ஓடியது.

வண்டியின் இன்ஜினை அணைத்ததால்தான் அது கேட்டது. இடது பக்கம், கீழே, குழறிக் குழறி ஒரு குரல். ஃபோர்மேன் சாகிரைப் பரம்பரையோடு திட்டிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் எலும்பைச் சேர்த்தார்கள். கால் விரல்கள் கறுத்திருந்தன. அவை மிஞ்சுமா என்று சில நாள் போனால்தான் தெரியும் என்றார் டாக்டர். ஜெயமணியின் போன் விடாமல் அடித்தது; சுசீலாதான்.

"எடுக்காத மாப்ள" என்றான் அவன். "அவ தாங்க மாட்டா."

அன்பரசன் எடுத்தான். "தங்கச்சி, அன்பரசன் பேசுறேன்மா. அவன் உசுரோட இருக்கான்" என்றான். பிறகு போனை ஜெயமணியின் காதில் வைத்தான்.