முனிராஜுக்குச் சொல்லாத முடிச்சு

காரிமங்கலம் சந்தையில் வேளாங்கண்ணி நைலான் கயிறு விற்க உட்கார்ந்தது பிழைப்புக்காக மட்டுமல்ல. அவள் வயிற்றெரிச்சலுக்கும் அதில் பங்கு உண்டு.

அதற்கு முன்பெல்லாம் கத்தாழை நார்க் கயிறுதான் விற்றுக்கொண்டிருந்தாள். ஒரு மழைக்காலத்தில், அவளிடம் மாட்டுக்குக் கயிறு வாங்கிப்போயிருந்த முனிராஜ் அறுந்த கயிற்றைக் கொண்டுவந்து அவள் முகத்தில் விட்டெறிந்தான். கயிறு அறுந்து தன் சினைப்பசு கிணற்றில் விழுந்து செத்துப்போனது என்றான். ஏமாற்றுக்காரி என்று சந்தைக்கே கேட்கிற மாதிரி கத்தினான். கயிறோ கறுத்து, நைந்து, மூத்திர நாற்றம் அடித்தது. கொட்டகைச் சேற்றில் மாதக்கணக்கில் ஊறினால் நார் இற்றுப்போகாமல் என்ன செய்யும்? அதைச் சொன்னாள், யார் காதிலும் ஏறவில்லை. கத்துகிறவன் பக்கம்தானே சந்தை சாயும். அப்புறம் அவள் கயிற்றை ஒரு ஆள் தொடவில்லை. வீட்டில் கேழ்வரகுக் கூழுக்கும் வழியற்றுப் போனது.

எழுபதுகளில் பெங்களூரிலிருந்து பச்சை நைலான் வந்தது. மழையில் மக்காதாம், கறையான் அரிக்காதாம். நாரைக் கண்டு முகம் சுளித்தவர்களெல்லாம் அந்தப் பளபளப்பைத் தடவித் தடவிப் பார்த்து வாங்கினார்கள். அவர்களை மனசுக்குள் திட்டிக்கொண்டே வேளாங்கண்ணியும் விற்றாள். ஆனால் நைலான் வழுக்கும். நாருக்குப் போடுகிற முடிச்சு அதில் நிற்காது. இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்க வேண்டும் என்று வாங்குகிறவர்களுக்கெல்லாம் கட்டியே காட்டுவாள். முனிராஜ் வாங்க வந்தபோது மட்டும் வாயைத் திறக்கவில்லை. மாதாவே, என் நாக்கைக் கட்டிவை என்று வேண்டிக்கொண்டு அளந்து கொடுத்தாள்.

அடுத்த சந்தைக்கு அவன் காளையை விற்க ஓட்டிவந்தான். ஆனேக்கல் வியாபாரி ஒருவர் பல்லைப் பிடித்துப் பார்த்துச் சம்மதமாகத் தலையை ஆட்டிவிட்டார். அந்த நேரம் பார்த்து, புளியமரத்தில் கட்டியிருந்த காளை தலையை ஒரு உதறு உதறியது. முடிச்சு நழுவியது. எட்டிப் பிடித்த முனிராஜின் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு நைலான் ஓடியது. தக்காளிக் கூடைகளை மிதித்துத் துவைத்த காளையை ஆட்கள் ஒரு சுவரோரம் மடக்கிக்கொண்டு, வழுக்காத நார்க் கயிறு கேட்டுக் கத்தினார்கள்.

சந்தையில் இருந்த ஒரே நார்க் கயிறு வேளாங்கண்ணியின் நைலான் மூட்டையைக் கட்டியிருந்தது. நிதானமாக அவிழ்த்தாள். முனிராஜ் ரத்தக் கையை நீட்டினான்.

"என் கயிறு அறுந்துபோயிருமுங்களே," என்றாள்.

அவன் அவளை முறைத்தான், காளையைப் பார்த்தான். "கயிறு மேல தப்பில்ல. மூத்திரத்துலயும் சாணியிலயும் ஊறப்போட்டது நாந்தான்."

"சந்தைக்குக் கேக்கலீங்க."

அவன் கத்திச் சொன்னான். அன்றைக்குக் கத்தின அதே குரல். அப்புறம்தான் கொடுத்தாள்.

காளை பிடிபட்டது. ஆனால் அந்தப் பேச்சு வியாபாரி காதிலும் விழுந்திருந்தது. கொட்டகையை அப்படி வைத்திருக்கிறவன் மாட்டுக்குக் குளம்பு எப்படி இருக்கும் என்று குனிந்து தூக்கிப் பார்த்தார். அழுகியிருந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார். வேளாங்கண்ணிக்கு வயிறு குளிர்ந்தது.

சற்று நேரத்தில் அவள் கடையைச் சுற்றிக் கூட்டம். நாரைத் தொடாத அதே ஜனங்கள் இப்போது நார்க் கயிறு கேட்டார்கள். ஒரு முழம்கூட இல்லை என்று நைலானை எடுத்துப் போட்டாள்.

"இது வழுக்குதே. எப்படிம்மா கட்டறது?"

இத்தனை நாள் கட்டிக் காட்டியவள் அன்று யாருக்கும் காட்டவில்லை.

"முனிராஜு மாட்டைக் கேளுங்க," என்று சொல்லிவிட்டு அளக்க ஆரம்பித்தாள்.